மேலே போக எந்த வாசல்? ரக்பி லீக் இரண்டாம் அடுக்கு சோதித்துப் பார்த்த வழிகள்

2023 அக்டோபரில் துலூஸ் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் லண்டன் பிராங்கோஸ் 18-14 என்று வென்றது. இங்கிலாந்து ரக்பி லீக்கின் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பிலிருந்து முதல் அடுக்கான சூப்பர் லீக்குக்கு ஏற்றம். அதே மாதம் கிளப்புகளின் தர மதிப்பெண்களை வரிசைப்படுத்தி ஒரு மாதிரிப் பட்டியல் வெளியானது. அதில் லண்டனுக்கு 24-ஆம் இடம். 2025 முதல் சூப்பர் லீக் இடங்களை அந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கும் என்று அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. ஏணியில் கால் வைத்தவனிடம் இறங்கும் தேதியையும் சேர்த்தே சொல்லிவிட்டார்கள்.

இரண்டாம் அடுக்கை நடத்துகிற யாரும் தப்பிக்க முடியாத கேள்வி, மேலே போவது யார், அதை எப்படி முடிவு செய்வது என்பது. இந்தக் கேள்விக்கு ரக்பி லீக் அளவுக்கு விடைகளை மாற்றி மாற்றி எழுதிய விளையாட்டு குறைவு. எனவே வழிகளை ஒப்பிட இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது.

விளையாட்டைப் பற்றி ஒரு பத்தி. ரக்பி லீக்கில் அணிக்கு 13 பேர், ரக்பியின் இன்னொரு வடிவமான யூனியனில் 15. பந்தோடு ஓடுபவரை எதிரணி பிடித்து நிறுத்துவது டாக்கிள்; பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டாக்கிள் வரை அவகாசம், அதன்பின் பந்து எதிரணிக்கு. எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது ட்ரை, அதற்கு 4 புள்ளி; அதைத் தொடரும் கன்வெர்ஷன் உதைக்கு 2, பெனால்டி உதைக்கு 2, ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு உதைக்கும் டிராப் கோலுக்கு 1. இந்த ஒற்றைப் புள்ளி சின்ன விஷயமில்லை. ஒரு கிளப்பின் அடுத்த ஆண்டு வரவு செலவே அதில் தொங்கிய நாட்கள் உண்டு.

இரண்டாம் அடுக்கு ஏன் அடிக்கடி இடிந்து விழுந்தது

1895-இல் ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கு இங்கிலாந்து கிளப்புகள் கூடி, ரக்பி யூனியனிலிருந்து பிரிந்து வந்தன. ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் தொழிலாளிக்கு இழந்த கூலியைக் கொடுக்கலாமா என்பதுதான் சண்டை. 1902-03-இல் தலா 18 கிளப்புகளோடு இரண்டு டிவிஷன்கள் ஆனது; இரண்டாவதன் முதல் சாம்பியன் கீத்லி. மூன்றே பருவத்தில் அதைக் கலைத்து மறுபடி ஒரே பட்டியலாக்கினார்கள். 1962-இல் இன்னொரு முறை பிரித்தார்கள். அது இரண்டே பருவம்.

காரணம் ஒன்றுதான். தொலைக்காட்சிக்கு முந்தைய காலத்தில் கிளப்பின் வருமானம் வாசலில் விற்கும் டிக்கெட். பக்கத்து ஊர்ப் பெரிய அணி வரும் நாளில்தான் மைதானம் நிறையும். கீழ் டிவிஷனுக்குப் போனால் அந்த வருகை நின்றுபோகும்; போக்குவரத்துச் செலவு மட்டும் குறையாது. பிராட்ஃபோர்டின் ஓட்சல் மைதானம் இதற்கு அசையாத சாட்சி. 1954-இல் நாக்அவுட் போட்டியான சேலஞ்ச் கோப்பை இறுதியின் மறுஆட்டத்துக்கு அங்கே வந்தவர்கள் அதிகாரபூர்வக் கணக்கில் 1,02,569 பேர். 1963 நவம்பரில் இரண்டாம் டிவிஷனில் பாரோ அணிக்கு எதிராக பிராட்ஃபோர்டு நார்தர்ன் ஆடியபோது வந்தவர்கள் 324 பேர். சில வாரங்களில், பருவத்தின் நடுவிலேயே, கிளப் மூடப்பட்டது. மறு ஆண்டு புதிதாகத் தொடங்கித்தான் திரும்பி வந்தது.

எனவே எந்த ஏற்ற முறையை எடைபோட்டாலும் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு எந்த அடுக்கில் ஆடப்போகிறோம் என்று கிளப்புக்கு எப்போது தெரிகிறது? மேலே போனவர் அங்கே நிலைக்க அவகாசம் இருக்கிறதா? மேலே போகாதவர்களுக்கு ஆடுவதற்கு ஏதாவது மிச்சமிருக்கிறதா? முதல் கேள்வியைத்தான் நிர்வாகங்கள் தொடர்ந்து குறைத்து மதிப்பிட்டிருக்கின்றன. முறைகள் பலவும் அதில்தான் தோற்றன.

நாலு ஏறு, நாலு இறங்கு

1973-74-இல் நிலையாக வந்த இரண்டு டிவிஷன் முறையில் மேலே 16 அணிகள், கீழே 14. ஆண்டுதோறும் நான்கு ஏறும், நான்கு இறங்கும். பிளே-ஆஃப் கிடையாது, பட்டியலில் இருக்கும் இடமே தீர்ப்பு. பின்னாளில் எண்ணிக்கையைக் குறைத்தார்கள்.

எளிமைதான் இதன் பலம். கீழ் டிவிஷனில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அணிகள் ஏறும் என்பதால் ஐந்தாம், ஆறாம் இடத்து அணிக்கும் கடைசி வாரம் வரை உயிர் இருந்தது. இறங்குவது அவமானமென்றாலும் அழிவில்லை, அடுத்த ஆண்டே திரும்பலாம். 1978-79-இல் இரண்டாம் டிவிஷனில் ஆடிய 26 ஆட்டங்களையும் வென்று ஏறிய ஹல் அணி, 1982-83-இல் நாட்டின் சாம்பியன் ஆனது. கீழே போய் உடலைத் தேற்றிக்கொண்டு வருவது அந்தக் காலத்தில் நடக்கக்கூடிய காரியம்.

கோளாறு ஊசலாட்டம். கால்பந்துக் கிளப் ஒன்றின் முயற்சியால் 1980-இல் பிறந்த ஃபுல்ஹாம் முதல் ஆண்டிலேயே ஏறியது, அடுத்த ஆண்டு இறங்கியது, மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. 1981-இல் தொடங்கிய கார்லைலுக்கும் முதல் ஆண்டு ஏற்றம், மறு ஆண்டே இறக்கம். மேல் டிவிஷனின் கால்பகுதி ஆண்டுதோறும் மாறினால், நடுவில் இருக்கும் கிளப்பும் மூன்றாண்டுத் திட்டம் எதையும் போட முடியாது. இளம் ஆட்டக்காரனை வளர்ப்பதைவிட அனுபவசாலி ஒருவரை ஓராண்டுக்கு வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்றாகிவிடும்.

இதை இன்று திரும்பக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முடியாது. அன்று இரண்டு டிவிஷன்களுக்கும் நடுவே இருந்தது ஒரு படி. இன்று இருப்பது பள்ளம். தோண்டியது தொலைக்காட்சி. 1995-இல் நியூஸ் கார்ப்பரேஷனுடன் ஐந்தாண்டுக்கு 8.7 கோடி பவுண்ட் ஒப்பந்தம் போட்டு, 12 அணிகளோடு 1996-இல் சூப்பர் லீக் கோடைகாலப் போட்டியாகத் தொடங்கியது. 1994-95 இரண்டாம் டிவிஷனின் சாம்பியனான கீத்லிக்கு அதில் இடமில்லை. லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. 1902-03-இல் முதன்முதலாக அந்தப் பட்டத்தை வென்ற அதே கீத்லிதான்.

ஒரே ஒரு இடம், ஒரே ஒரு இறுதி ஆட்டம்

1998-இல் வந்தது இது. பருவம் முடிந்ததும் முன்னணி அணிகள் பிளே-ஆஃப் ஆடும். கிராண்ட் ஃபைனலில் வென்றவர் மேலே. முதல் இறுதியில் வேக்ஃபீல்ட் டிரினிட்டி 24-22 என்று ஃபெதர்ஸ்டோன் ரோவர்ஸை வென்று ஏறியது.

இந்த ஃபெதர்ஸ்டோனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யார்க்ஷயரில் ஒரு சின்ன நிலக்கரிச் சுரங்க ஊர். 1976-77-இல் நாட்டின் லீக் சாம்பியன்; 1983-இல் வெம்ப்ளியில் ஹல் அணியை 14-12 என்று வீழ்த்திச் சேலஞ்ச் கோப்பை. அந்த ஊர் கிளப் சூப்பர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஒவ்வொரு முறையும் அதற்கு எப்படிக் கதவடைத்தது என்று பார்த்தாலே போதும், முறைகளின் குணம் தெரிந்துவிடும்.

ஒற்றை இறுதியின் கவர்ச்சியை யாரும் மறுக்க முடியாது. 80 நிமிடத்தில் எல்லாம் முடிவாகும். தொலைக்காட்சிக்குப் பிடிக்கும், ரசிகர்களுக்கும் பிடிக்கும். ஆனால் கணக்குப் பார்க்கிறவருக்கு இது தலைவலி. இறுதி நடப்பது செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ. ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் நவம்பர் இறுதியோடு முடிகின்றன. அடுத்த பருவம் பிப்ரவரியில். சூப்பர் லீக்கின் நல்ல ஆட்டக்காரர்கள் கோடையிலேயே அடுத்த ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அக்டோபர் நடுவில் வென்ற கிளப் கடைக்குப் போகும்போது தட்டில் மிச்சமிருப்பது என்னவோ அதைத்தான் வாங்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாம்பியன்ஷிப் அணிகள் பெரும்பாலும் பகுதிநேர அணிகள். பகலில் வேலை, மாலையில் பயிற்சி. ஏறிய அணி இரண்டு மாதத்தில் முழுநேரமாக மாற வேண்டும். மின்பணியாளராகவோ ஆசிரியராகவோ இருப்பவர், ஓராண்டு மட்டுமே நிச்சயமான சம்பளத்துக்காக வேலையை விடுவாரா? விடாதவர்களுக்கும் மாற்று ஆள் தேட வேண்டும். ஏறிய அணி, ஏறக் காரணமான ஆட்டக்காரர்களைப் பாதிக்கு மேல் இழந்துவிட்டே சூப்பர் லீக்குக்குள் நுழைகிறது.

விளைவைப் பாருங்கள். லீ அணி 2004-இல் வைட்ஹேவனை வென்று ஏறியது, 2005-இல் இறங்கியது. காசில்ஃபோர்ட் 2004-இல் இறங்கி, 2005-இல் ஏறி, 2006-இல் இறங்கி, 2007-இல் ஏறியது. அந்த 2006-இல் கடைசி இடம் காசில்ஃபோர்டுடையதுகூட அல்ல. புதிதாக வந்த பிரெஞ்சு அணி கேட்டலன்ஸ் டிராகன்ஸ் கடைசி. அதற்கு இறக்க விலக்கு இருந்ததால் 11-ஆம் இடத்து காசில்ஃபோர்ட் இறங்கியது.

மிக மோசமான பிழை 1999-இலும் 2000-இலும் நடந்தது. 1999 இறுதியில் ஹன்ஸ்லெட் 12-11 என்று டியூஸ்பரியை வென்றது. மைதானம் முதலான தகுதிகள் போதாது என்று ஏற்றம் மறுக்கப்பட்டது. மறு ஆண்டு அதே டியூஸ்பரி 13-12 என்று லீயை வென்றது. அதற்கும் மறுப்பு. இரண்டு ஆண்டும் வெற்றி ஒரு புள்ளியில். இரண்டு ஆண்டும் வென்றவருக்கு மிஞ்சியது கோப்பை மட்டும். தகுதி விதிகள் இருப்பது தவறில்லை. பந்தி போட்டு, இலையில் உட்கார்ந்த பிறகு விருந்தாளியைச் சாதகம் கேட்பதுதான் தவறு.

2019 முதல் 2023 வரை இம்முறை திரும்பவும் நடந்தது. 2019-இல் 10 வெற்றி பெற்றும் புள்ளி வித்தியாசத்தில் லண்டன் இறங்கியது. டொராண்டோ வுல்ஃப்பேக் ஏறி, 2020 ஜூலையில் பருவத்தின் நடுவில் விலகியது. அந்த ஆண்டு சாம்பியன்ஷிப்பே கொரோனாவால் ரத்து. காலியான இடத்துக்கு ஒரு குழு லீயைத் தேர்ந்தெடுத்தது. 2021-இல் 22 ஆட்டத்தில் அதற்கு 2 வெற்றி. 2021-இல் துலூஸ் ஏறியது, 2022-இல் இறங்கியது. ஃபெதர்ஸ்டோன் 2019-இலும் 2021-இலும் இறுதியில் தோற்றது. 2023-இல் பட்டியலில் முதலிடம் பிடித்தும் அரையிறுதியில் லண்டனிடம் விழுந்தது.

எதிர்ச்சாட்சியும் ஒன்று இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. 2022 இறுதியில் பேட்லியை 44-12 என்று நொறுக்கி ஏறிய லீ, 2023-இல் பட்டியலில் ஐந்தாம் இடம் பிடித்து, ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸை கோல்டன் பாயிண்டில் (கூடுதல் நேரத்தில் முதலில் புள்ளி எடுப்பவர் வெல்லும் முறை) 17-16 என்று வென்று சேலஞ்ச் கோப்பையையும் தூக்கியது. வித்தியாசம் எங்கே? ஏறுவதற்கு முன்பே லீ சூப்பர் லீக் தரத்தில் அணி சேர்த்திருந்தது. அதாவது, ஏறாமல் போயிருந்தால் கையைச் சுட்டுக்கொள்ளும் அளவுக்குச் செலவு செய்திருந்தது. பணக்கார உரிமையாளர் இல்லாத கிளப் இதைச் செய்தால் அது திட்டமிடல் ஆகாது, சூதாட்டம்.

உரிமம்: களம் பேசாது, கோப்பு பேசும்

ஊசலாட்டம் வேண்டாம் என்று 2009-இல் ஏற்ற இறக்கத்தையே நிறுத்தினார்கள். சூப்பர் லீக் 14 அணியாக விரிந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை உரிமம்; கிளப்புகளுக்கு ஏ, பி, சி என்று தரம். மைதானம், கூட்டம், வருமானம், இளையோர் பயிற்சி எல்லாம் பார்க்கப்பட்டன. சாம்பியன்ஷிப் கிளப் விண்ணப்பிக்க வேண்டுமென்றால் அந்த மூன்றாண்டுக்குள் கிராண்ட் ஃபைனலுக்கு வந்திருக்க வேண்டும், அல்லது சூப்பர் லீக்குக்குக் கீழே உள்ள கிளப்புகளுக்கான நார்தர்ன் ரயில் கோப்பையை வென்றிருக்க வேண்டும்.

முதல் இரண்டு கேள்விகளுக்கு உரிமம் தந்த விடை மற்ற எதையும்விட நல்லது. விட்னெஸ் அணிக்கு 2012 பருவத்துக்கான உரிமம் 2011 மார்ச் கடைசியிலேயே அறிவிக்கப்பட்டது. கிட்டத்தட்ட பத்து மாத அவகாசம். இருந்தும் 2012-இல் விட்னெஸ் கடைசி இடம்தான். பழைய முறையாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இறக்கம் இல்லாததால் அணியைக் கட்டிக்கொள்ள நேரம் கிடைத்தது. 2014-இல் பிளே-ஆஃப் வரை வந்தது. 2018 வரை மேலேயே இருந்தது.

மூன்றாவது கேள்வியில்தான் உரிமம் செத்துப்போகிறது. 2010, 2011, 2012 என்று மூன்று ஆண்டும் சாம்பியன்ஷிப் பட்டியலில் முதலிடம் ஃபெதர்ஸ்டோனுக்கு. 2011 இறுதியில் ஷெஃபீல்டை 40-4 என்று துவைத்தது. அதன் பிறகு? ஒன்றுமில்லை. மறு ஆண்டும் அதே டிவிஷன், அதே எதிரிகள். ஏணியில்லாத மாடியைப் பார்த்துக்கொண்டே எத்தனை வருடம் டிக்கெட் விற்க முடியும்?

கோப்பு பொய் சொல்லும் என்பதும் தெரிந்தது. 2009-இல் உரிமம் பெற்ற வெல்ஷ் அணி செல்டிக் குரூசேடர்ஸ், பிரிட்ஜெண்டிலிருந்து ரெக்ஸமுக்கு இடம் மாறி, நிதி நெருக்கடியில் சிக்கி, 2011-இல் அடுத்த உரிமத்துக்கான விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது. காகிதத்தில் ‘விரிவாக்கம்’ அழகாகத் தெரிந்தது, ஊர் வேரூன்றவில்லை.

நடு எட்டு

2015 முதல் 2018 வரை நடந்த இந்த ஏற்பாட்டை ஒருமுறை விளக்கினால் யாருக்கும் புரியாது, இரண்டு முறை விளக்கினால் பிடித்துப்போகும். சூப்பர் லீக் 12, சாம்பியன்ஷிப் 12. இரண்டும் தனித்தனியே 23 சுற்று ஆடும். பிறகு 24 அணிகளையும் மூன்று எட்டாகப் பிரிப்பார்கள். சூப்பர் லீக்கின் முதல் எட்டு பட்டத்துக்கு ஆடும். சாம்பியன்ஷிப்பின் கடைசி எட்டு ஷீல்டுக்கு ஆடும். சூப்பர் லீக்கின் கடைசி நான்கும் சாம்பியன்ஷிப்பின் முதல் நான்கும் நடு எட்டு. அதற்குப் பெயர் குவாலிஃபயர்ஸ்.

மற்ற இரண்டு எட்டிலும் பழைய புள்ளிகள் தொடரும். நடு எட்டில் மட்டும் எல்லோருக்கும் பூஜ்ஜியம். ஒவ்வொருவரும் ஏழு ஆட்டம். முதல் மூன்று இடத்தார் நேராகச் சூப்பர் லீக். நான்காம், ஐந்தாம் இடத்தார் நான்காம் இடத்தாரின் மைதானத்தில் ஒரே ஆட்டம், வென்றவர் மேலே. அந்த ஆட்டத்துக்கு வைத்த பெயர் ‘மில்லியன் பவுண்ட் கேம்’. தோற்றவர் இழப்பது எவ்வளவு என்பதைப் பெயரிலேயே ஒட்டிவைத்த வக்கிரம் வேறெங்கும் பார்த்ததில்லை.

களத்தில் இது தந்த நாடகத்துக்கு இணையில்லை. 2015-இல் மூன்று கோப்பைகளையும் வென்ற லீட்ஸ், 2016-இல் நடு எட்டில் நின்றது. 2017-இல் சாம்பியன், 2018-இல் மறுபடி நடு எட்டு. 2016 மில்லியன் பவுண்ட் ஆட்டத்தில் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸை அதன் சொந்த மைதானத்தில் சால்ஃபோர்ட் 19-18 என்று வென்றது, கூடுதல் நேரத்தில் கரெத் ஓ'பிரையன் உதைத்த ஒரு டிராப் கோலில். 2018-இல் டொராண்டோவில் லண்டன் 4-2 என்று வென்று ஏறியது. ட்ரை எதுவும் இல்லாமல் உதைகளால் மட்டுமே முடிவான ஆட்டம்.

நான்கு ஆண்டில் மொத்தம் மூன்று ஏற்றம்: 2016 லீ, 2017 ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ், 2018 லண்டன். 2015-இல் யாரும் ஏறவில்லை. பிராட்ஃபோர்டு மில்லியன் பவுண்ட் ஆட்டத்தில் வேக்ஃபீல்டிடம் 24-16 என்று தோற்றது, 2017 ஜனவரியில் கலைக்கப்பட்டது. ஃபெதர்ஸ்டோன் 2016, 2017 இரண்டிலும் நடு எட்டுக்கு வந்தது. பேட்லிகூட ஒருமுறை வந்தது. அதன் மவுண்ட் பிளசன்ட் மைதானம் சரிவில் இருக்கிறது, பந்து ஒரு மூலையை நோக்கி உருளும், அதுவே உள்ளூர் அணிக்குப் பதினான்காவது ஆள்.

தகுதியைச் சோதிக்க இதைவிட நேர்மையான முறை கிடையாது: மேலே இருக்கும் அணிகளோடு ஏழு வாரம் மோதிக் காட்டு, பிறகு ஏறு. ஆனால் அவகாசம் என்ற முதல் கேள்வியில் இதுவே படு மோசம். ஜூலை கடைசியில் எட்டு கிளப்புகளுக்கு அடுத்த ஆண்டு எந்த அடுக்கு என்று தெரியாது; அவற்றில் குறைந்தது நான்கு முழுநேரக் கிளப்புகள். அக்டோபர் வரை யாருக்கும் ஒப்பந்தம் போட முடியாது. ஸ்பான்சர் கேட்டால் சொல்லப் பதிலில்லை. சீசன் டிக்கெட்டை எந்த விலைக்கு விற்பது என்றும் தெரியாது. ஆட்டக்காரர்களும் தங்கள் வீட்டுக்கடன் தவணை இந்த உதையில் இருக்கிறது என்று தெரிந்தே உதைத்தார்கள். ஏழு ஆட்டம் என்பதால் சிலருக்கு நான்கு சொந்த மைதானம், சிலருக்கு மூன்று என்ற நியாயக் குறையும் இருந்தது. 2018 செப்டம்பரில் கிளப்புகள் வாக்களித்து இதை எடுத்துவிட்டன.

மதிப்பெண் பட்டியல்

2022-இல் ஐஎம்ஜி என்ற விளையாட்டு வணிக நிறுவனத்தோடு 12 ஆண்டு ஒப்பந்தம். 2023 ஏப்ரலில் கிளப்புகள் தர மதிப்பெண் முறையை ஏற்றன. மொத்தம் 20. ரசிகர் பலத்துக்கு 5, ஆட்டத் திறனுக்கு 5, நிதிக்கு 4.5, மைதானத்துக்கு 3, சமூகத்துக்கு 2.5. 15 எடுத்தால் ஏ தரம், சூப்பர் லீக் இடம் உறுதி. 7.5-க்கு மேல் பி. மீதி இடங்களை இவர்கள் மதிப்பெண் வரிசையில் நிரப்புவார்கள். அதற்குக் கீழே சி.

உரிமத்தைவிட இது மேல், இரண்டு காரணத்தால். ஆண்டுதோறும் கணக்கிடப்படுகிறது, எதற்கு எவ்வளவு என்று எழுதப்பட்டிருக்கிறது. எனவே ஒரு கிளப் தன் பள்ளம் எங்கே என்று பார்த்து மண் போடலாம். வேக்ஃபீல்ட் அதைச் செய்து காட்டியது. 2023-இல் இறங்கி, மைதானத்தில் புதிய ஸ்டாண்ட் கட்டி, 2024-இல் 1895 கோப்பையையும் (சூப்பர் லீக்குக்குக் கீழே உள்ள கிளப்புகளுக்கானது) பட்டியல் முதலிடத்தையும் வென்று, இறுதியில் துலூஸை 36-0 என்று வீழ்த்தி, ஏ தரத்தோடு மேலே வந்தது.

ஆனால் அந்த 36-0 ஆட்டம் வேக்ஃபீல்டை ஏற்றவில்லை. சில நாள் கழித்து வந்த பட்டியல்தான் ஏற்றியது. இறுதி ஆட்டம் கோப்பைக்கானது மட்டும். அதே ஆண்டு சூப்பர் லீக்கில் லண்டனும் ஹல் எஃப்சியும் தலா மூன்று வெற்றிகளோடு கடைசி இரண்டு இடங்கள். ஹல் மதிப்பெண்ணால் நிலைத்தது, லண்டன் இறங்கியது. ஆட்டத் திறன் 20-இல் 5 மட்டுமே, அதிலும் மூன்று ஆண்டுச் சராசரி. ஃபெதர்ஸ்டோன் போன்ற ஊருக்கு என்ன செய்தாலும் மக்கள்தொகையை வளர்க்க முடியாது. முன்பு ஒரு புள்ளியில் தோற்ற ஊர், இப்போது தசம புள்ளியில் தோற்கும்.

அவகாசக் கேள்வியிலும் பட்டியல் தன் வாக்கைக் காப்பாற்றவில்லை. அறிவிப்பு அக்டோபரில்தான் வருகிறது. 2026-க்குச் சூப்பர் லீக்கை 14 ஆக்குவது என்ற முடிவே 2025 ஜூலையில் வந்தது. 12 இடங்களை மதிப்பெண்ணும் 2 இடங்களைத் தனிக் குழுவும் நிரப்பின. பிராட்ஃபோர்டு, துலூஸ், யார்க் ஏறின, சால்ஃபோர்ட் இறங்கியது. மதிப்பெண் முறை வந்தும் யார் எங்கே என்று தெரியாமல் இலையுதிர்காலம் வரை காத்திருந்ததில் எந்த மாற்றமுமில்லை.

ஆஸ்திரேலிய விடை

அங்கே கதவே இல்லை. முதல் அடுக்கான என்ஆர்எல் மூடிய போட்டி. அதற்குக் கீழே நியூ சவுத் வேல்ஸ் கோப்பை, குயின்ஸ்லாந்து கோப்பை. என்ஆர்எல் கிளப்பில் இடம் கிடைக்காத ஆட்டக்காரர் அந்த வாரம் இணைப்பு அணிக்கு ஆடுவார். கீழ் அடுக்கின் வேலை ஆள் தயாரிப்பது. 2014-இல் குயின்ஸ்லாந்து கோப்பையில் சேர்ந்த பப்புவா நியூ கினி ஹண்டர்ஸ் 2017-இல் சாம்பியன் ஆனது. ஆனால் அந்த நாட்டுக்கு என்ஆர்எல் இடம் கிடைத்தது அரசுகள் செய்த ஏற்பாட்டால். ரெட்கிளிஃப் டால்ஃபின்ஸ் 2023-இல் மேலே போனதும் அழைப்பின் பேரில்தான், அவர்களின் கீழ் அடுக்கு அணியும் தொடர்ந்து ஆடுகிறது. செலவு குறைவு, திவால் குறைவு. சூப்பர் லீக் கிளப்பின் ஆட்டக்காரர் கீழ் அடுக்குக் கிளப்புக்கும் ஆடலாம் என்று இங்கிலாந்தில் 2013-இல் வந்த இரட்டைப் பதிவு முறை இதன் நிழல். முழுதாகப் பின்பற்றினால் ஹாலிஃபாக்ஸும் ஃபெதர்ஸ்டோனும் லீட்ஸின் பயிற்சிக் கூடமாகிவிடும். நூற்றாண்டு தாண்டிய கிளப்பின் ரசிகர் அதற்குச் சம்மதிக்க மாட்டார். ஆஸ்திரேலியாவுக்குப் பொருந்துவது இங்கே பொருந்தாததற்கு அதுவே போதுமான காரணம்.

எதைத் தேர்ந்தெடுப்பது

முடிவு என் கையில் இருந்தால் ஒற்றை இறுதியைத்தான் எடுப்பேன், அதன் நாட்காட்டியை மாற்றிவிட்டு. தகுதி மதிப்பெண்ணைப் பருவம் தொடங்கும் முன், ஜனவரியில் வெளியிட வேண்டும். இந்தக் கோட்டுக்கு மேல் இருப்பவர்கள் ஏறத் தகுதியுள்ளவர்கள் என்று பெயரோடு. மற்றவர்கள் கோப்பைக்கு ஆடலாம், ஆனால் ஏற முடியாது என்று முதல் நாளே தெரியும். 1999 திரும்ப நடக்காது. ஏறியவருக்கு இரண்டு பருவம் இறக்க விலக்கு. விட்னெஸுக்கு வேலை செய்தது அதுதான். அந்த இரண்டு பருவத்தில் வேறு யார் இறங்குவது என்ற கேள்விக்கு 2006-இன் காசில்ஃபோர்ட் ஒரு எச்சரிக்கை. விலக்கு உள்ள அணி கடைசியில் வந்தால் அந்த ஆண்டு இறக்கமே வேண்டாம், 14 அணி 15 ஆகட்டும். இறங்கியவருக்கு மத்திய நிதியை ஒரே வெட்டாக நிறுத்தாமல் இரண்டு ஆண்டில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இதற்குப் பணம் கொடுக்க வேண்டியது மேலே இருக்கும் கிளப்புகள். அவர்கள் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான் இந்த யோசனையின் பலவீனம். ஆனால் மேலே இருப்பவர் என்றும் மேலேயே இருப்பார் என்ற உறுதி இல்லை. 2017-இல் இரண்டாம் அடுக்கில் ஆடிய ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ் 2025-இல் சேலஞ்ச் கோப்பை, பட்டியல் முதலிடம், கிராண்ட் ஃபைனல் மூன்றையும் வென்றது. 2019-இல் கிராண்ட் ஃபைனல் ஆடிய சால்ஃபோர்ட் இன்று கீழே.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 2026-க்கு மூன்றாம் அடுக்கையும் சாம்பியன்ஷிப்போடு சேர்த்துச் சுமார் 20 கிளப்புகள் கொண்ட ஒரே டிவிஷனாக்கினார்கள். 20 அணிகள் சொந்த மைதானத்தில் ஒன்று, வெளியே ஒன்று என்று ஆடினால் 38 சுற்று. பகுதிநேர ஆட்டக்காரர்களின் உடம்பு அதைத் தாங்காது, நாட்காட்டியிலும் அத்தனை வாரம் இல்லை. எனவே எல்லோரும் எல்லோரோடும் சமமாக ஆட முடியாது. யாருக்குச் சுலபமான எதிரிகள் வாய்த்தார்கள் என்பதும் பட்டியலில் கலந்துவிடும். அப்படிப்பட்ட பட்டியலின் முதலிடத்தை வைத்து யாரையும் ஏற்ற முடியாது. பிளே-ஆஃப் வேண்டுமா என்ற வாதத்தை அட்டவணையே முடித்துவைத்துவிட்டது. இனி பேச வேண்டியது, அதில் ஆடத் தகுதியானவர்களின் பெயர்ப் பட்டியல் எந்த மாதத்தில் வெளிவரும் என்பதைத்தான்.